வட்டவிதானையின் நாலாம் சுற்று

மருதமுனையில் வீடும் நாவிதன்வெளியில் வயலும் வைத்திருக்கும் முகம்மது தம்பிக்கு வயது ஐம்பத்தாறு. பெயரிலேயே தம்பி இருந்தாலும் வயதுக்குரிய மரியாதையை விடமுடியாது என்பதால் ஊருக்கு அவர் 'தம்பி காக்கா'. ஒரே ஆளைத் தம்பி என்றும் அண்ணன் என்றும் ஒரே மூச்சில் கூப்பிடுவதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. இதைவிடப் பெரிய முரண்பாடுகளோடெல்லாம் நாங்கள் சௌகரியமாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

அவர் பார்ப்பது வட்டவிதானை வேலை. அதாவது, முந்நூற்றிருபது ஏக்கர் வயலுக்கு ஒரே வாய்க்காலின் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டு, எழுபத்துநாலு விவசாயிகளிடமும் முறைவைத்து ஏச்சு வாங்கும் பதவி. ஒவ்வொரு சிறுபோக விதைப்புக்கும் முன் கூட்டம் கூடும். கையைத் தூக்கி ஆளைத் தெரிவு செய்வார்கள். ஒன்பது வருடமாகத் தம்பி காக்காவுக்கே கை தூக்கினார்கள். அன்பினால் என்று எழுத ஆசைதான். உண்மையில், அந்த ஏச்சை வாங்க வேறு எவரும் முன்வரவில்லை.

இந்த வருடம் ஒருவர் முன்வந்தார். உரம் விற்கும் பசளைக் கடை பக்கீர் முகைதீன். ஏன் இந்தத் திடீர் சேவை மனப்பான்மை என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் எந்த வயலுக்கு எந்த நாளில் போகும் என்பது பசளை விற்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லதுதானே.

ஒன்பது வருடக்காரரை வீழ்த்த ஒரு குறை தேவை. தம்பி காக்கா களவெடுக்கமாட்டார், குடிக்கமாட்டார், பள்ளித் தொழுகைக்குப் பிந்தமாட்டார். இப்படிப்பட்ட ஒருவரை எதிர்த்து எப்படித் தேர்தல் கேட்பது? பக்கீர் முகைதீன் நொந்துபோயிருந்த வேளையில்தான், ஒரு பின்னேரம், தம்பி காக்கா வாய்க்கால் கரைக் கட்டின்மேல் யூரியாப் பையை விரித்து, அதன்மேல் அட்டைகளைப் பரப்பி, எதிரே போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு குந்தியிருப்பதைக் கண்டார்.

அந்த அட்டைகள் மகன் அஸ்கியுடையவை. கட்டாருக்கு வேலைக்குப் போனபோது இரண்டு சப்பாத்துப் பெட்டி நிறைய விட்டுவிட்டுப் போயிருந்தான். விளையாட்டு ஜப்பானிலோ எங்கோ பிறந்தது. அதன் சொந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொல்ல இந்தக் கரையில் ஆளில்லை என்பதால், கல்முனைப் பக்கத்தில் அதற்கு 'கோட்டை' என்று பெயர். ஆளுக்கு அறுபது அட்டை. அவரவர் அட்டைக்கட்டை அவரவரே சேர்த்துக் கொண்டுவரவேண்டும். படைகளையும் மிருகங்களையும் இறக்கி எதிராளியின் கோட்டையை உடைத்தால் வெற்றி. ஆனால் எதை இறக்குவதற்கும் நீலக்கல் படம் போட்ட 'சக்தி' அட்டைகள் மேசையில் இருக்கவேண்டும். சக்தி வராவிட்டால் கையில் யானைப்படையே இருந்தாலும் விசிறிக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

இது விளங்கத் தம்பி காக்காவுக்குப் பத்து நிமிடமும் எடுக்கவில்லை.

"இது தண்ணிதானே மனே," என்றார் போனில் தெரிந்த மகனிடம். "தண்ணி இல்லாட்டி நெல்லு இல்ல. இதுக்குப் போய் ஜப்பான்காரன் புத்தகம் எழுதி வெச்சிரிக்கானா?"

அன்றிலிருந்து, தண்ணீர் முறைக்குக் காத்திருக்கும் பின்னேரங்களில், வாப்பா வாய்க்கால் கட்டிலும் மகன் டோஹாவிலுமாக இருந்து கோட்டை உடைத்தார்கள். பக்கீர் முகைதீன் கண்டது இதைத்தான். அவர் சொன்னது வேறு.

"நம்மட வட்டவிதானை வாய்க்கால் கட்டுல குந்தி காட்ஸ் அடிக்காரு," என்றார், ஜும்ஆ முடிந்து தேநீர்க்கடையில்.

"ஆரோட?"

"போனோட."

எங்கள் ஊரில் காட்ஸ் என்றால் ஒரே அர்த்தம்: சூது. போனோடு காட்ஸ் என்றால் வெளிநாட்டுச் சூது. அஸர் தொழுகைக்குள் தம்பி காக்கா அரை ஏக்கரைத் தோற்றிருந்தார். மஃரிபுக்குள் அது இரண்டு ஏக்கர். இஷாவுக்கு மனைவி உம்முவின் காதுக்கு வந்தபோது, அவள் குடியிருந்த சீதன வீடே போயிருந்தது.

"இஞ்சேருங்க, வீட்டையும் வெச்சு அடிச்சீங்களாமே," என்றாள் உம்மு, சோற்றை வைத்தபடி. "சாமான் கட்டோணுமா, இல்ல நாளைக்குக் கட்டினாக் காணுமா?"

"நீயுமா உம்மு?"

"எனக்குத் தெரியும். ஊருக்கு என்னத்தக் காட்டுவீங்க?"

நல்ல கேள்வி. விடை டோஹாவிலிருந்து வந்தது. அடுத்த சனிக்கிழமை கல்முனையில் கோட்டைப் போட்டி நடக்கிறது, பகிரங்கமாக, பகல் வெளிச்சத்தில், சல்லிக் காசு பந்தயமில்லாமல் என்றான் அஸ்கி. நாலு சுற்றையும் ஒழுங்காக முடித்தவர்களுக்கு, வென்றாலும் தோற்றாலும், 'நன்னடத்தையுடன் பங்குபற்றியமைக்கான சான்றிதழ்' கொடுப்பார்களாம். சீல் குத்தி.

சீல் என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நாட்டில் மனிதன் பிறந்ததற்கும் இறந்ததற்கும், இடையில் ஒழுக்கமாக இருந்ததற்கும் சீல்தான் சாட்சி. அதற்கடுத்த புதன்கிழமைத் தெரிவுக் கூட்டத்தில் சான்றிதழை லெமினேட் பண்ணித் தூக்கிக் காட்டினால் பக்கீர் முகைதீனின் வாய் அடைபடும். வெல்லத் தேவையில்லை. நாலு சுற்று முடியும்வரை வெளியேற்றப்படாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தால் போதும். கதிரையில் இருப்பது ஒரு மனிதனுக்குப் பெரிய காரியமா?

சனிக்கிழமை காலை, டியூஷன் நடத்தும் டியூட்டரி ஒன்றின் மேல்மாடி மண்டபத்தில் முப்பத்திரண்டு பேர் கூடினார்கள். முப்பத்தொரு பேர் டீசேட்டில் வந்திருந்தார்கள். தம்பி காக்கா இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டும் பளையகாட்டுச் சாறமும் தொப்பியுமாக வந்தார். ஒரு கையில் அட்டைக்கட்டு, மறுகையில் அடுக்குச் சட்டி. உள்ளே வட்டிலப்பம். "மனிசர் கூடுற எடத்துக்கு வெறுங்கையோடயா போற?" என்று உம்மு கட்டிக் கொடுத்தது.

நடுவர் கேசினி. வார நாட்களில் கணித ஆசிரியை. சனிக்கிழமைகளில் அதைவிடக் கண்டிப்பானவர். புதிதாக வருபவர்களுக்கு அவர் ஒரு தாள் கொடுப்பார்: 'புதியவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள்', மொத்தம் பதினான்கு. எதிராளிக்கு வணக்கம் சொல்லிக் கைகொடுக்கவும். எதிராளியின் அட்டையை அனுமதியின்றித் தொடவேண்டாம். மேசையில் உணவு வைக்கவேண்டாம். பக்கத்து மேசைக்கு ஆலோசனை சொல்லவேண்டாம். சந்தேகம் வந்தால் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடவும். அது முறைப்பாடு அல்ல, மரியாதை. மூன்றாவது எச்சரிக்கையுடன் வெளியேற்றம்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கடிதத்தை வாசிப்பதுபோல் தம்பி காக்கா கண்ணாடி போட்டு, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். எல்லாவற்றுடனும் முழுமனதாக உடன்பட்டார். பிறகு அதே மனதோடு ஒவ்வொன்றாக மீறத் தொடங்கினார்.

முதல் சுற்றில் அவருக்கு எதிரே இருந்தது, அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி பெறும் ஓர் இளைஞர். ஒழுங்கின்படி வணக்கம் சொல்லவேண்டும். தம்பி காக்கா ஸலாம் சொன்னார். ஸலாம் சொன்னால் ஆளை விசாரிக்கவேண்டும். விசாரித்தார். வாப்பா யார், உம்மா எந்த ஊர், எந்தக் குடி? பதினெட்டாவது நிமிடத்தில், இளைஞரின் உம்மா உம்முவுக்கு மச்சி முறை என்ற பேருண்மை வெளிப்பட்டது. உறவு தெரிந்தபிறகு வாயில் ஒன்றும் வைக்காமல் இருக்கமுடியுமா? வட்டிலப்பச் சட்டி திறந்தது.

கேசினி வந்தார். "ஐயா, மேசையில சாப்பாடு வைக்கேலா."

"மேசையிலயா வெச்சன் மிஸ்? இவர்ர கையிலதானே வெச்சன்."

சட்டி நடுவர் மேசைக்குப் போனது. வட்டிலப்பம் அங்கே எந்த நிபந்தனையில் வைக்கப்பட்டிருந்தது என்று தெரியவில்லை; மத்தியானத்துக்குள் அரைவாசி காணாமல் போயிருந்தது. நடுவரின் தீர்மானமே இறுதியானது என்று தாளில் பதினாலாவதாக இருந்ததால் யாரும் அதைக் கேட்கவில்லை. புதியவர் என்பதால் வட்டிலப்பத்துக்கு எச்சரிக்கை இல்லை, அறிவுரை மட்டும். நேரம் முடிந்ததால் ஆட்டம் சமநிலை.

இரண்டாம் சுற்றில் எதிரே வந்தவர் நிந்தவூர் மருந்துக்கடை ஸுஹைறா. கைகொடுக்கவும் என்கிறது தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, ஒரே நேரத்தில் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்கள். ஜப்பான்காரன் எழுதாத ஒழுங்கு, நடுவர் இல்லாமலே தீர்ந்தது. அவ்வளவில் விட்டிருந்தால் நல்லது. ஸுஹைறா ஒரு மிருகத்தை இறக்கினார். தம்பி காக்கா அதைக் கையிலெடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, விதைநெல் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது என்ன சாமான் பிள்ள?"

"காக்கா, தொட முந்திக் கேக்கோணும்."

"கேட்டன்தானே?"

"தொட்டுப்போட்டுத்தான் கேட்டீங்க."

முதலாவது எச்சரிக்கை. ஆட்டமும் தோல்வி.

லுஹர் தொழுகைக்கு இடைவேளை விட்டார்கள். பள்ளியிலிருந்து திரும்பிவந்து மூன்றாம் சுற்றில் தம்பி காக்கா நன்றாகவே ஆடினார். பொறுமையாகச் சக்தி சேர்த்து, கடைசியில் மொத்தப் படையையும் இறக்கி வென்றார். வென்ற கையோடு சும்மா இருக்கமுடியவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் தடுமாறிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக அடுத்தவன் வயலைப் பார்த்து வழிசொல்வதே தொழிலாக இருந்தவர், எப்படிக் கண்ணை மூடுவார்?

"அந்தச் சிங்கத்த வெளிய எடுக்காத தம்பி. நாளைக்கு எடு."

நாளைக்கு என்று அந்த விளையாட்டில் ஒன்று இல்லை. இரண்டாவது எச்சரிக்கை இருந்தது.

"ஐயா, இன்னொண்டு வந்தா வெளியேதான் அனுப்போணும்," என்றார் கேசினி. "சான்றிதழும் இல்ல."

"அல்லாட காவல் மிஸ். இனி நான் வாயே திறக்கமாட்டன்."

வாயைத் திறக்கவுமில்லை. பிரச்சினை கையால் வந்தது.

நாலாம் சுற்றில், குலுக்கலில், எதிரே வந்து வாய்த்தது லக்சன். கல்முனைக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். மூன்று சுற்றையும் வென்றிருந்தவன் அவன் ஒருவன்தான். இதையும் வென்றால் கிண்ணம் அவனுக்கு. தம்பி காக்காவுக்குக் கிண்ணம் தேவையில்லை. நாற்பத்தைந்து நிமிடம் கைகட்டி இருந்தால் சான்றிதழ். ஆளுக்கு ஆள் வேண்டியது கிடைக்கக்கூடிய, உலகத்திலேயே இலகுவான ஆட்டம்.

ஆனால் லக்சனுக்குச் சக்தி வரவில்லை. முதல் முறை இல்லை. இரண்டாம் முறை இல்லை. மூன்றாம் முறையும் கட்டிலிருந்து ஒன்றை இழுத்து, பார்த்து, பெருமூச்சு விட்டான். கை நிறையப் படை, மேசை வெறுமை. தம்பி காக்காவின் பக்கத்திலோ ஏழு நீலக்கல் வரிசையாகப் பளபளத்தது.

அவர் ஒருமுறை மேலே விசிறியைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவும் லக்சனின் பக்கத்தைப் பார்த்தார். நெற்கதிர் குடலை தள்ளும் பருவத்தில் ஒருவன் வயல் வெடித்துக் கிடக்க, பக்கத்திலேயே தன் வயலில் முழங்கால் அளவு தண்ணீரை வைத்துக்கொண்டு பார்த்து நிற்பவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. அச்சில் ஏற்றமுடியாது. வாய்க்காலின் எழுதாத சட்டம் இதுதான்: நம் முறையில் ஒரு மணித்தியாலத்தை அவனுக்குத் திருப்பிவிட்டு, அவன் முறை வந்ததும் அதை வாங்கிக்கொள்வது. இதற்கு யாரையும் கேட்பதில்லை, கடிதம் எழுதுவதில்லை.

பதினைந்தாவது நிமிடத்தில் தம்பி காக்காவின் கை தானாக நீண்டது. ஏழில் ஒரு நீலக்கல்லை எடுத்து, மேசைக்குக் குறுக்கே நகர்த்தி, லக்சனின் பக்கத்தில் வைத்தது.

"இதப் போடு மனே," என்றார் மெதுவாக. "ஒனக்கு வந்தாப்போல திருப்பித் தா."

லக்சன் அந்த அட்டையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பக்கத்து மேசைகளில் ஆட்டம் நின்றது. கோட்டையின் நாற்பது பக்கச் சட்டப்புத்தகத்தில், எதிராளிக்குத் தன் சக்தியைக் கடன் கொடுப்பதைத் தடுக்கும் ஒரு வரியும் இல்லை என்று பின்னர் தெரியவந்தது. அப்படி ஒருவன் செய்வான் என்று ஜப்பானில் யாருக்கும் தோன்றவில்லை.

லக்சன் மெல்லக் கையை உயர்த்தினான். "நடுவர்!"

தம்பி காக்காவின் முகம் வாடிவிட்டது. "என்ன மனே இது? பொலிசுக்குப் போறமாதிரி. நாம ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சிரிக்கலாமே."

"காக்கா, கோவிக்காதீங்க. நான் கூப்பிடாட்டி என்னையும் சேத்துத் தூக்கிருவாங்க."

கேசினி வந்து பார்த்தார். தாளைப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். கணிதத்தில் இல்லாத ஒரு கணக்கைக் கண்டதுபோல் தம்பி காக்காவிடம் திரும்பினார்.

"ஏன் ஐயா குடுத்தீங்க?"

"அவருக்கு இல்ல. எனக்கிட்ட ஏழு கிடக்கு."

"அவர் உங்கட எதிராளி ஐயா!"

"அதுக்காக மிஸ்? பொடியன்ட வயல் காஞ்சு கிடக்கே."

புத்தகத்தில் இல்லாததற்குப் பதினாலாம் ஒழுங்கு இருந்தது: நடுவரின் தீர்மானமே இறுதி. மூன்றாவது எச்சரிக்கை. வெளியேற்றம். ஆட்டம் லக்சனுக்கு, கிண்ணமும் லக்சனுக்கு. வெளியேற்றப்படுபவருக்குக் காரணத்தை எழுத்தில் கொடுப்பது அந்தப் போட்டியின் ஒழுங்கு. கேசினி அழகான கையெழுத்தில் எழுதினார். சீலை எடுத்தார்.

"சீல் இல்லாம ஏலாதா மிஸ்?" என்றார் தம்பி காக்கா, தீனமாக.

"சீல் இல்லாட்டிச் செல்லாது ஐயா," என்று ஓங்கிக் குத்தினார் கேசினி.

சீலுக்காகப் போனவர் சீலோடுதான் திரும்பினார். வெறும் சட்டி ஒரு கையில், கடிதம் மறுகையில்.

"சான்றிதழ் எங்க?" என்றாள் உம்மு.

அவர் கடிதத்தை நீட்டினார். உம்மு இரண்டுமுறை வாசித்தாள். "கூட்டத்துக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு," என்று மட்டும் சொன்னாள். பிறகு சட்டியைத் திறந்து பார்த்து, "வட்டிலப்பமாவது பாஸ் பண்ணிருக்கு," என்றாள்.

அடுத்தநாள் லக்சன் மோட்டார் சைக்கிளில் வந்து, அந்த நீலக்கல் அட்டையைப் புது உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். கூடவே வாழையிலையில் சுற்றிய ஓர் அறுக்குளாத் துண்டு, அப்பா பிடித்ததாம். தம்பி காக்கா மீனை வாங்குமுன், "இதுக்கும் நடுவரக் கேக்கோணுமா மனே?" என்றார். லக்சன் சிரித்துத் தலையைச் சொறிந்தான். தேநீர் குடித்துவிட்டுத்தான் போனான். ஆனால் மீனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகமுடியாதே.

போட்டிக்காரர்கள் முடிவுகளை முகநூலில் போட்டார்கள், வெளியேற்றக் கடிதத்தின் படத்தோடு. திங்கட்கிழமை பக்கீர் முகைதீன் அதைக் கலரில் எழுபத்தைந்து பிரதி எடுத்தார். விவசாயி ஒருவருக்கு ஒன்று, மேலதிகமாக ஒன்று பைலுக்கு. அவர் எதையும் அரைகுறையாகச் செய்பவரல்ல.

புதன்கிழமை நாவிதன்வெளி நெற்களஞ்சியத்தில் கூட்டம். தம்பி காக்கா கடைசி வாங்குப் பலகையில் போய் இருந்தார், ஏற்கெனவே தோற்றவர்கள் இருக்கும் இடத்தில். பக்கீர் முகைதீன் பிரதிகளைப் பகிர்ந்துவிட்டு, தொண்டையைச் செருமி, எழுந்து வாசித்தார்:

"மேற்படி போட்டியாளர், தனது எதிராளியிடம் சக்தி இல்லாததைக் கண்டு, தன்னிடமிருந்த சக்தியில் ஒன்றை, எதிராளி கேளாமலே, அவருக்கு வழங்கினார். ஆகையால் வெளியேற்றப்படுகிறார்." தாளை இறக்கினார். "சகோதரர்களே, நம்மட வட்டவிதானைக்குக் கல்முனையில கிடைச்ச மரியாத இது. கள்ள ஆட்டம்!"

வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் வந்து சேருமுன் ஆவியாகிவிடும் இடத்தில், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் கதிர்காமன் எழுந்து பக்கீர் முகைதீனைக் கேட்டார்.

"அந்தச் சக்தி எண்டா என்ன காக்கா?"

"அதுதான்... தண்ணி மாதிரி ஒண்டு. அது இல்லாட்டி ஒண்டும் செய்யேலா."

"அதக் கேக்காமலேயா குடுத்தாரு?"

"ஓம், கேக்காமலே!"

"எதிராளிக்கா?"

"எதிராளிக்குத்தான்! வேற ஆருக்கு?"

"தன்ட பங்கிலயிருந்தா?"

"தன்ட பங்கிலயிருந்துதான்! சீல் குத்தியிருக்கு, பாருங்க!" என்று பக்கீர் முகைதீன் தாளைத் தூக்கிக் காட்டினார்.

எழுபத்துநாலு மூளைகள் ஒரே நேரத்தில் கணக்குப் போட்ட சத்தம் களஞ்சியத்துக்கு வெளியே கேட்டிருக்கும். எதிராளிக்கே கேளாமல் கொடுக்கிறவர், கூடப்பிறந்த மாதிரிப் பழகுகிற எனக்குக் கேட்டுமா தரமாட்டார்? இந்த 'எனக்கு' என்பதில் ஒவ்வொருவரும் தன்னை மட்டுமே வைத்துப் பார்த்தார். கை தூக்கச் சொன்னபோது தம்பி காக்காவுக்கு எழுபது கை. ஒன்பது வருடத்தில் இவ்வளவு கை தூக்கப்பட்டதில்லை. பக்கீர் முகைதீனின் சொந்த மச்சானே தூக்கினார், முகத்தை மறுபக்கம் திருப்பியபடி. நேர்மைக்கு மக்கள் கொடுத்த தீர்ப்பு என்று அடுத்தநாள் யாரோ முகநூலில் எழுதினார்கள்.

உம்மு அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அஸ்கியின் டிப்ளோமாவுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

சிறுபோகத்தின் முதல் தண்ணீர் திறந்த நாள். காலை எட்டு மணிக்கே கதிர்காமன் வாய்க்கால் கட்டில் நின்றார். வாய் நிறையச் சிரிப்பு.

"காக்கா, நமக்கும் ஒரு நீலக்கல் தாங்களன். ஒரு மணித்தியாலம் முந்தித் திறந்துவிட்டாக் காணும்."

தம்பி காக்கா வாய்க்கால் கதவைக் காட்டினார். கதவில், மழைக்கு நனையாமல் லெமினேட் பண்ணிய ஒரு தாள் தொங்கியது. கேசினியின் அதே பதினான்கு ஒழுங்குகள். அட்டையை வக்கடை, அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் மடைவாய், என்றும், மேசையை வயல் என்றும், எதிராளியை அடுத்தவர் என்றும் பேனையால் மாற்றியிருந்தார். அடுத்தவர் வக்கடையை அனுமதியின்றித் தொடவேண்டாம். பக்கத்து வயலுக்கு ஆலோசனை சொல்லவேண்டாம். சந்தேகம் வந்தால் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடவும்.

கதிர்காமன் வாசித்து முடித்தார். சிரிப்பு பாதியாகியிருந்தது. "கல்முனைப் பொடியனுக்குக் கேக்காமலே குடுத்தீங்களே காக்கா!"

"ஓம். அது என்ட பங்கு. இது எழுவத்துநாலு பேர்ர பங்கு. இதில ஒண்ட எடுத்து ஒனக்குத் தந்தா மத்த எழுவத்துமூணு பேரும் என்னைத் தூக்கி வாய்க்காலுக்குள்ள போடுவாங்க. நடுவரக் கூப்பிடு."

"நடுவர் நீங்கதானே?"

"அப்ப கையத் தூக்கு."

கதிர்காமன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெட்கத்தோடு கையைத் தூக்கினார். அதைக் கண்ட அடுத்த வயல்காரர், எங்கே தனக்கு முந்திக் கிடைத்துவிடுமோ என்று, ஓடிவந்து தானும் தூக்கினார். அவரைக் கண்டு இன்னொருவர். பக்கீர் முகைதீனின் மச்சான் வரம்பில் வழுக்கி, சேற்றில் விழுந்த நிலையிலும் தூக்கினார். எட்டரை மணிக்கு நாவிதன்வெளியால் போன பஸ்ஸில் இருந்தவர்கள், வரம்பு நெடுக முப்பது நாற்பது கைகள் வானத்தை நோக்கி நிற்பதைக் கண்டு, வட்டவிதானைத் தேர்தல் இன்னும் முடியவில்லை என்று தமக்குள் கதைத்துக்கொண்டார்கள்.

தம்பி காக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொருத்தராச் சொல்லுங்க," என்றார். "முதல்ல ஆர் வக்கடையத் தொட்டுப்போட்டுக் கேட்டது?"